காய்ச்சலில் போன கூந்தல்

காத்திவாக்கம் குப்பத்தில் சிவந்தி தலை முழுகினால் அது தெருவுக்கே தெரியும். வலை காயப்போடும் கொம்பில் சாய்ந்து நின்றுகொண்டு, முடியை முன்பக்கம் போட்டு விரலால் சிக்கெடுப்பாள். முழங்காலைத் தொடும் முடி. போகிற வருகிற பெண்கள் நின்று, "இன்னாடி போட்றே தலைக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

"இன்னாத்த போட்றேன்? எங்கம்மாவுக்கும் இப்டித்தான்" என்று சிவந்தி சிரிப்பாள்.

அவள் சொன்னது உண்மைதான். முத்தம்மாவால் தாங்க முடியாததும் அதுதான். ஏதோ ஓர் இலை, ஏதோ ஓர் எண்ணெய் என்று சொல்லியிருந்தால் தேடிப் போயிருப்பாள். சும்மா வந்தது என்றால் எங்கே போய்த் தேடுவது?

சிவந்தி அவளுக்கு ஓரகத்தி. முத்தம்மாவின் புருஷன் சுப்புராயனும் அவன் தம்பி குமாரவேலும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பிடித்து வந்த மீனைத் தலையில் சுமந்து திருவொற்றியூரில் விற்பது மூத்தவள். வீட்டைப் பார்த்துக்கொண்டு வலை பின்னுவது இளையவள். சிவந்தி கல்யாணமாகி வந்த புதிதில், "அவ பழகுற வரிக்கும் வூட்ல இருக்கட்டும்" என்று முத்தம்மாவே சொன்னாள். சொன்னது அப்படியே நின்றுவிட்டது. பழகும் நாள் வரவே இல்லை.

முத்தம்மா பாவாடை கட்டிய வயதிலிருந்து கூடை தூக்குகிறவள். பழந்துணியைச் சுருட்டி வட்டமாக்கி உச்சியில் சும்மாடு வைத்து, அதன்மேல் ஈரக் கூடையை ஏற்றினால், உப்பளத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, தீப்பெட்டிக் கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில்தான் முதலில் இறக்குவாள். மீன் தண்ணீர் காதோரம் வழிந்து கழுத்தில் இறங்கும். அதெல்லாம் பழகிப்போனது. ஒருநாள் தலையைச் சொறிந்தபோது விரல் வழுக்கியது. தடவித் தடவிப் பார்த்தாள். உச்சியில், சும்மாடு உட்காரும் இடத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை. சங்கின் உள்பக்கம்போல வழவழவென்று இருந்தது. அன்றிலிருந்து முந்தானை தலையை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளும் முக்காடுதான்.

அந்தக் குறை மனசுக்குள் பெரிதானதற்குக் காரணம் குமாரவேல் வாங்கி வந்த மல்லிகைப்பூ.

ஒரு சாயங்காலம் திருவொற்றியூர் போய்வந்தவன் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். பாதியைக் கிள்ளி அண்ணனிடம் நீட்டினான். "இந்தாண்ணே, அண்ணிக்கு."

சுப்புராயன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கெட்ட எண்ணம் உள்ளவன் இல்லை. ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆள். "அவளுக்கு இன்னாத்துக்குடா? வெச்சா நிக்கிறதுக்கு எடம் வோணாமா?" என்றான்.

குமாரவேல் சிரித்தான். சிவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு விரலிடுக்கில் வந்துவிட்டது. முத்தம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய், கழுவிய கூடையை மறுபடியும் கழுவினாள். அன்றைக்கு அவளுக்கு ஆத்திரம் புருஷன்மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரலிடுக்கில் வந்த அந்தச் சிரிப்பின்மேல் வந்தது.

அதன்பிறகு கேட்டவர் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தாள். கண் எரிந்ததுதான் மிச்சம். தேரடிப் பக்கம் மருந்து விற்றவனிடம் குன்றிமணி அரைத்த விழுது வாங்கிப் பூசினாள். தரையைத் தொடும் கூந்தலோடு ஒரு பெண்ணின் படம் ஒட்டிய புட்டி எண்ணெயை வாங்கி, பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, யாரும் இல்லாத நேரத்தில் தடவினாள். புட்டி தீர்ந்தது. படத்தில் இருந்தவளுக்குத்தான் முடி இருந்தது.

திருவொற்றியூரில் வேதமாணிக்கம் என்கிற மளிகைக்காரர் வீடு அவளுடைய வாடிக்கை. தெற்கத்திக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம். அவர் மனைவி தேவகிருபை இறாலுக்கு உயிரை விடுவாள். ஒருநாள் கொல்லைப்புறத்தில் கூடையை இறக்கும்போது முத்தம்மாவின் முந்தானை சரிந்தது. தேவகிருபை பார்த்துவிட்டாள்.

"ஏட்டீ, இது என்ன தலையில? எவ்வளவு நாளா கெடக்கு?"

"அது கெடக்குதும்மா. நீ எறாவ பாரு."

"எறா எங்க போவுது? எந்தம்பி துரை ராயபுரத்துப் பக்கம் ஆஸ்பத்திரியில தோல் டாக்டரா இருக்கான். வியாழக்கெழம போ. தேவகிருபை அனுப்பிச்சான்னு சொல்லு. என்னத்தையாவது தடவிக்கிட்டு இருக்காத, கேட்டியா?"

வீட்டில், தலைசுற்றலுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு முத்தம்மா பஸ் ஏறினாள்.

டாக்டர் துரை இளவயதுக்காரர். முந்தானையை விலக்கச் சொல்லி, ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து உச்சியைப் பார்த்தார். விரலால் சுற்றிலும் முடியை மெல்ல இழுத்தார். பிறகு அவளுடைய கீழ் இமையை இறக்கிப் பார்த்தார்.

"எத்தனை வயசுலேர்ந்து கூடை தூக்குறே?"

"பல்லு வுழுந்து மொளைச்ச காலத்துலேர்ந்து சார்."

"எப்பவும் இதே எடத்துலதான் வெப்பியா?"

"வேற எங்க வெக்கிறது? அங்கதான் நிக்கும்."

"அதுதான் சங்கதி. முடிக்கு வேர் இருக்கு, அந்த வேருக்கு ரத்தம் போகணும். நீ தெனமும் அதே எடத்துல பாரத்த வெச்சு அழுத்துறே. கொண்டையவும் இறுக்கி இழுத்துப் போடுறே. வருஷக்கணக்கா அழுந்தி அந்த எடத்துல வேரே செத்துப்போச்சு. தோல் மினுமினுன்னு ஆயிடுச்சு பாரு, முடி வர்ற துவாரமே மூடிடுச்சு. அங்க எத தடவினாலும் வராது."

முத்தம்மா முந்தானையை உச்சிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சுத்தி இருக்கிறத காப்பாத்தலாம். கூடைய தலையிலேர்ந்து எறக்கு. இடுப்புல வை. முடிய தளர்வாக் கட்டு. ஒடம்புலயும் ரத்தம் கம்மியா இருக்கு, அதனாலயும் கொட்டும். கீரை, ஈரல் சாப்பிடு. ஒரு டானிக் எழுதறேன்."

"மீன்காரி கூடைய இடுப்புல வெச்சா எம்மாந்தூரம் சார் போவா?"

அவர் குனிந்து சீட்டு எழுதினார். முத்தம்மா எழுந்திருக்கவில்லை. "அப்போ போன முடி போனதுதானா சார்? யாருக்குமே வராதா?" என்று கேட்டாள்.

வெளியே கூட்டம் காத்திருந்தது. இருந்தாலும் அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். "அப்படி இல்லம்மா. டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்தா, எழுந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்துக்கொத்தாக் கொட்டும். பாக்கறவங்க பயந்துடுவாங்க. ஆனா வேர் உசிரோட இருக்கும். ஒண்ணும் செய்ய வேண்டாம், நல்லாச் சாப்பிட்டாப் போதும், தானா வந்துடும். புழுவெட்டுகூட நெறைய பேருக்குத் தானா சரியாயிடும். தோல் பொசுங்கி, தழும்பு விழுந்து, வேர் போச்சுன்னாத்தான் வராது."

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ச்சலில் கிடந்தவர்கள் யார் யார் என்று முத்தம்மா யோசித்துக்கொண்டே வந்தாள். காய்ச்சல்காரர்கள் மேல்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் அவள் கூடையைத் தலையில்தான் தூக்கினாள். இரண்டு பேர் பிடித்த மீன், இடுப்பில் எங்கே நிற்கும்?

மழைக்காலம் தொடங்கியபோது சிவந்திக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். இறங்கவில்லை. பிதற்ற ஆரம்பித்தாள். குமாரவேல் மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டைபாய்டு என்றார்கள். புது மாத்திரை வந்திருக்கிறது, பிழைத்துவிடுவாள் என்றார்கள்.

கூட இருந்து பார்த்தது முத்தம்மாதான். ஈரத்துணி போட்டாள், கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினாள், மூத்திரத் துணி அலசினாள். "செத்துப் பூடாதேடி" என்று அவள் காதில் சொன்னாள். அதில் வேஷம் எதுவும் இல்லை. சிவந்தி இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொறாமையும் அதே நெஞ்சில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன.

சிவந்தி எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். பொங்கல் கழிந்து உடம்பு தேறிவந்த சமயத்தில் ஒருநாள் காலையில் அலறினாள். முத்தம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். சீப்பு நிறைய முடி, மடி நிறைய முடி. கையை வைத்து இழுத்தால் வலியே இல்லாமல் கையோடு வந்தது. பத்துப் பதினைந்து நாளில் அந்த முழங்கால் கூந்தல் எலிவால் ஆனது. அதுவும் நிற்கவில்லை. தலையோடு ஒட்டிய நாலு இழையும் அங்கங்கே தெரியும் தோலுமாக நின்றாள். மிச்சத்தை அவளே கத்தரித்துப் போட்டாள்.

முத்தம்மா கழிமுகத்தில் கூடை கழுவப் போனாள். கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். தான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே கேட்டது.

அன்று அடுப்படியில் சிவந்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"யக்கா, ஒனக்கும் இப்டித்தான் போச்சா?"

முத்தம்மா அடுப்பை ஊதினாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. காய்ச்சல்ல போனது வந்துரும்டி, பயப்படாதே. இவ்வளவுதான். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆமா" என்றாள். "இப்டித்தான் போச்சு."

"அப்பால வரவே இல்லியா?"

"வந்திருந்தா நான் ஏன் முக்காடு போட்டுக்கினு கீறேன்?"

சிவந்தி அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். முத்தம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கை ஆறுதல் சொன்னது, மனசு உள்ளே விருந்து சாப்பிட்டது.

"ஆஸ்பத்திரில போய்க் கேட்டா இன்னாக்கா?"

"முடிக்கெல்லாம் அங்க இன்னா பண்ணுவான்? கூட்டத்துல நிக்கவெச்சு பேஜாரு பண்ணுவான், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. சிவந்தி முத்தம்மாவை விட்டு நகரவே இல்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு கிணற்றுக்குப் போனார்கள். சாப்பாட்டில் நல்ல துண்டை மூத்தவள் தட்டுக்குத் தள்ளினாள் இளையவள். "ஒனக்குத்தான்க்கா தெரியும் இந்த வலி" என்பாள். முத்தம்மாவின் வாழ்க்கையில் யாரும் அவளை இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னால் இது போய்விடும். அதனாலும் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒரு சாயங்காலம் குமாரவேல் மறுபடியும் பூப்பொட்டலத்தோடு வந்தான். சிவந்தி விசும்பினாள். "எங்கய்யா வெக்கிறது அத்த?"

"தலைலதான் வெக்கணும்னு சட்டமா கீது?" என்றான் அவன். அவள் கையை இழுத்து, மணிக்கட்டில் பூவைச் சுற்றிக் கட்டினான். கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவளுக்குக் கடலில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

முத்தம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளே சுப்புராயன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் முடியைப் பார்த்தபோதுகூட அவள் வயிறு இப்படி எரிந்ததில்லை. முடியே போய்விட்டது. இருந்தும் சிவந்தியிடம் ஒன்றும் குறையவில்லை. "போவட்டும். இப்டியே போவட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு விளக்கைத் தூண்டிவிட்டாள்.

மாசித் திருவிழாவுக்கு வந்து தங்கிய ஒரு மூலிகைக்காரனைக் குமாரவேல் கூட்டிவந்தான். தோளில் பை, கழுத்தில் கொட்டை மாலை. சிவந்தியின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காச்சல் சூடு மண்டையில நின்னுபோச்சு. கெட்ட நீர் எறங்கணும். கொப்புளம் போட்டு எறக்கிட்டா, அப்பால கருகருன்னு வந்துரும்" என்றான். ஒரு குச்சியில் கறுப்புச் சாற்றைத் தொட்டு, காதுக்குப் பின்னால் காசளவுக்குத் தடவினான். "மொதல்ல இங்க பாக்கறேன். அடுத்த வெள்ளிக்கெழம வந்து தலை முழுக்கப் போட்றேன்."

அந்தச் சாறு என்னவென்று முத்தம்மாவுக்குத் தெரிந்தது. வண்ணார்கள் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை. துணியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது, தோலில் பட்டால் வெந்துபோகும்.

காதுக்குப் பின்னால் கொப்புளம் போட்டது, உடைந்தது, பொருக்குத் தட்டியது. வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணெய் தடவும்போது பொருக்கு உதிர்ந்தது. அடியில் இருந்த தோலைப் பார்த்ததும் முத்தம்மாவின் கை நின்றுவிட்டது. மினுமினுவென்று, துவாரமே இல்லாத தோல். விரலை வைத்தாள். வழுக்கியது. தன் உச்சியில் அவள் தினமும் தடவிப் பார்க்கிற அதே வழவழப்பு.

கொஞ்சம் மேலே, பிடரியில், விரலுக்கு வேறு ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பூனைமயிர் போலக் குட்டிக் குட்டியாகக் கறுப்பு முளை. பிடரி முழுக்க இருந்தது. சிவந்தியின் கண்ணாடிக்கு எட்டாத இடம்.

"இன்னாக்கா நிறுத்திட்டே?"

"ஒண்ணுல்ல. எண்ணெ தீந்துபோச்சு."

மறுநாள் காலை வழக்கம்போலக் கூடையை ஏற்றிக்கொண்டு முத்தம்மா கிளம்பினாள். மூலிகைக்காரன் எதிரே வந்தான். "வர்றேம்மா" என்றான். அவள் நடையை எட்டிப் போட்டாள். நான் ஒண்ணும் பண்ணல, அவ புருஷன்தானே கூட்டியாந்தான், எனக்கு இன்னா வந்துச்சு என்று நடைக்கு நடை சொல்லிக்கொண்டே போனாள். இனி சிவந்தி என்றைக்கும் தன் பக்கத்தில்தான் இருப்பாள். இரண்டு முக்காடு. கிணற்றடியில் யாரும் நின்று இன்னாடி போட்றே என்று கேட்கமாட்டார்கள்.

உப்பளத்தைத் தாண்டினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. நின்ற இடத்தில் கூடையின் பாரம் உச்சியில் இறங்கியது. அந்த இடத்தில் அவளுக்கு உணர்ச்சி மரத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. பாரம் கழுத்தில்தான் தெரியும். தலை முழுக்க அப்படி மரத்துப்போனால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. சிவந்தி இருபது வயதுக்காரி. சாகிற வரைக்கும் அப்படி.

வண்டி கடந்து கேட் திறந்தபோது அவள் எதிர்ப்பக்கம் போகவில்லை. திரும்பி ஓட ஆரம்பித்தாள். கூடையிலிருந்து மீன்கள் துள்ளி மணலில் விழுந்தன. பொறுக்கவில்லை.

வீட்டு வாசலில் சிவந்தி தலையைக் குனிந்து மணை மேல் உட்கார்ந்திருந்தாள். குமாரவேல் அவள் தோளைப் பிடித்திருந்தான். மூலிகைக்காரன் கொட்டாங்கச்சியில் கறுப்புச் சாற்றைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துய்யா!" முத்தம்மா கூடையை எறிந்துவிட்டு கொட்டாங்கச்சியைத் தட்டிவிட்டாள். சாறு மணலில் கொட்டியது. நாலு சொட்டு அவள் பாதத்தில் தெறித்தது.

"இன்னாம்மா இது கலாட்டா?" என்று அவன் எகிறினான்.

"இத்த தடவுனா முடியோட வேரு வெந்து பூடும். காதுக்குப் பின்னால பாரு, மொளைக்க வழியே இல்லாம மூடிக்கினு கீது. மருவாதியா எழுந்து போ."

குமாரவேல் திகைத்துப்போனான். "அண்ணி, வேற வழி இன்னா கீது?"

"வழியே வோணாம். காச்சல்ல கொட்டுன முடி தானா வந்துரும். வந்துகினேதான் கீது. பிடரில கைய வெச்சுப் பாரு."

அவன் வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது. மூலிகைக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனான். சிவந்தி தன் பிடரியைத் தானே தடவித் தடவிப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையுமாக நிமிர்ந்தாள்.

"யக்கா, ஒனக்கு யார் சொன்னது?"

பொய் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இப்போதுதான் வழியில் ஒருத்தி சொன்னாள் என்று சொன்னால் போதும். ஓடி வந்த மூச்சிரைப்பில் அவளுக்குப் பொய் வரவில்லை.

"ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு."

"எப்போ?"

"ஒனக்கு காச்சல் வர்றதுக்கு முந்தியே."

சிவந்தியின் கை பிடரியிலேயே நின்றது. அடுப்படியில் கேட்டதும் அவள் சொன்னதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. எழுந்தாள். முத்தம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சுகினேவா சும்மா இருந்தே அண்ணி?" என்று குமாரவேல் கேட்டான். அதட்டியிருந்தால் தேவலை. குழந்தை கேட்பது போலக் கேட்டான்.

அந்த மாதமே அடுப்பு இரண்டானது. நடுவில் ஓலைத் தட்டி வந்தது. சுப்புராயன், "இன்னாமே பண்ணே நீ?" என்று ஒருமுறை கேட்டான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவனும் விட்டுவிட்டான். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டுமரத்தில்தான் போனார்கள். தம்பியின் பங்கைச் சிவந்தி கரையிலேயே வியாபாரிக்குப் போட்டாள். முத்தம்மாவின் சுமை பாதியானது. பாதிக் கூடை இடுப்பில் நின்றது. வலமும் இடமுமாக மாற்றி மாற்றி நடந்தாள். டானிக்கையும் விடாமல் குடித்தாள். உச்சியில் ஒன்றும் முளைக்கவில்லை. வட்டம் பெருகாமல் நின்றது, அவ்வளவுதான். பாதத்துப் புண் ஆற வெகுநாள் ஆனது.

தட்டிக்கு அந்தப் பக்கம் சிவந்தியின் முடி வளர்ந்தது. முதலில் ஆம்பிளைப் பிள்ளை கிராப்பு போல, பிறகு காதுவரை, பிறகு தோள்வரை. காதுக்குப் பின்னால் காசளவு இடம் மட்டும் வெறுமையாக நின்றது. முடி விழுந்து அதையும் மூடிக்கொண்டது. ஓலை இடுக்கு வழியே முத்தம்மா பார்ப்பாள். தான் காப்பாற்றிக் கொடுத்த முடி என்று மனசை ஏமாற்றப் பார்ப்பாள். மனசு ஏமாறாது. முன்பு எரிந்த இடத்தில் மறுபடியும் எரியும்.

சிவந்திக்குப் பெண்குழந்தை பிறந்தது. முத்தம்மா போய்ப் பார்த்தாள். சிவந்தி குழந்தையைக் காட்டினாள், பேசவில்லை. நாலைந்து மாதம் போனது.

ஒருநாள் மத்தியானம் தட்டியைத் தள்ளிக்கொண்டு சிவந்தி வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு கொத்து முடி. முகம் வெளுத்திருந்தது. இரண்டு வருஷமாகப் பேசாத வாய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறியது.

"மறுபடியும் கொட்டுது" என்றாள். "காச்சல் கீச்சல் ஒண்ணும் இல்ல. இது வருமா, வராதா? நெசத்த சொல்லு."

"தெரியாதுடி" என்றாள் முத்தம்மா. "சத்தியமா தெரியாது. நாளிக்கு வியாழக்கெழம. வா, போய்க் கேப்போம்."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். வராது என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன என்று முத்தம்மாவின் மனசு வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. அதைத் துரத்திவிட அவளால் முடியவில்லை. இந்த முறை அது அவளோடு வந்தது, அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போகச் சொல்லி அவளை இழுக்கவில்லை.

டாக்டர் துரை சிவந்தியின் தலையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சிரித்தார். "பிள்ளை பெத்தவங்களுக்கு இது சகஜம்மா. வயித்துல குழந்தை இருக்கறப்போ கொட்டாம நின்னதெல்லாம் சேர்ந்து இப்போ கொட்டுது. அதுக்கு மருந்து வேண்டாம், மெல்ல மெல்ல வந்துடும். நல்லாச் சாப்பிடு." பிறகு முத்தம்மாவின் உச்சியையும் பார்த்தார். "பரவால்ல, கூடைய எறக்கிட்டே போலிருக்கே" என்றார்.

சிவந்தியின் முகம் பூத்துவிட்டது. முத்தம்மாவுக்கு அடிவயிற்றில் ஒரு குத்து குத்தியது. வழக்கமான குத்து.

வெளியே மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து கரித்தூளோடு காற்று அடித்தது. சிவந்தி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். "அன்னிக்கு அடுப்பாண்டயே சொல்லிருக்கலாம் நீ" என்றாள்.

"சொல்லிருக்கலாம்."

"ஏன்க்கா சொல்லல?"

முத்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "வயித்தெரிச்சல்டி. வேற இன்னா? நீ தலைய விரிச்சுப் போட்டுக்கினு நின்னாலே எனக்கு வயிறு எரியும். இப்பவும் எரியுது."

சிவந்தி திரும்பி அவளை உற்றுப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று முத்தம்மா காத்திருந்தாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. சிவந்தி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, இடம் பிடிக்க முன்னால் ஓடினாள்.